அகஸ்ரின் திருப்பிக் கட்டிய மதில்

குளிர் தொடங்கிவிட்டால் என் மனுசனுக்கு இருப்புக் கொள்ளாது. விடிய எழும்பியதும் ஃபோனில் குளிர் எத்தனை என்று பார்ப்பார். பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது என்றால் தேத்தண்ணீரைக்கூட நின்றபடிதான் குடிப்பார். அரைக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வேலைக்கு வைத்திருக்கிற வான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஸ்காபரோவிலிருந்து ஒஷாவா வரைக்கும் வீட்டு முற்றங்களில் அவர் கட்டிய செங்கல் மதில்கள் நிற்கின்றன. அவற்றைத்தான் பார்க்கப் போகிறார். மற்றப் பெண்களின் புருசன்மார் குடிக்கப் போகிறார்கள், சீட்டாடப் போகிறார்கள், அதையாவது நாலு பேரிடம் சொல்லி அழலாம். புருசன் மதில் பார்க்கப் போகிறார் என்று யாரிடம் போய்ச் சொல்ல?

என் பெயர் செலீன். மார்க்கம் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸும் இடியப்பமும் கட்டிக் கொடுக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர். அகஸ்ரினோடு குடித்தனம் நடத்தினால் ஊமைக்கும் வாய் நீளும். அந்த மனுசன் பேசுவதே இல்லை. கலியாண வீட்டுக்குப் போனால் மண்டபத்துக்கு வெளியே நின்று சுவரைத் தடவிக்கொண்டிருப்பார். மாப்பிள்ளையையும் பெண்ணையும் விட்டுவிட்டுச் செங்கல்லைப் பார்க்க வந்த ஒரே விருந்தாளி அவராகத்தான் இருக்கும். "என்ன பாக்கிறியள்?" என்று கேட்டால், "தண்ணி எங்கால போகுதெண்டு பாக்கிறன்" என்பார்.

தண்ணீரைக் கண்டால் அவருக்கு இந்த ஊரில் பயம். குருநகரில் மேசனாக இருந்த காலத்தில் அப்படி இல்லை. அங்கே செங்கல்லை ஊறப்போட்டு எடுத்துத்தான் அடுக்குவார்கள். கட்டி முடித்த சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவார்கள். இல்லாவிட்டால் வெயில் சாந்தை உலர்த்திவிடும், சுவர் உதிரும். அந்தப் பழக்கத்தோடு ரொறன்ரோவுக்கு வந்து, யோவாக்கிம் என்ற போர்த்துக்கீசக் கிழவனிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். முதல் கார்த்திகையில், நல்ல பெயர் எடுக்கலாம் என்ற நினைப்பில், வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்துக் கல்லை எல்லாம் ஊறப்போட்டு வைத்திருக்கிறார். கிழவன் வந்து பார்த்துவிட்டு வாளியைக் காலால் உதைத்தானாம். கல்லுக்குள் போன தண்ணீர் குளிரில் ஐஸ் ஆகும், ஐஸ் வீங்கும், வீங்கினால் கல்லு வெடிக்கும் என்று அதற்குப் பிறகுதான் இவருக்கு விளங்கியது. அந்த வாளிக் கதையைப் பல வருடமாக என்னைத் தவிர ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். வெட்கம்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. முழங்காலளவு மதிலுக்கும் நாலடி தோண்டுவார். இந்த ஊரில் நிலம் அவ்வளவு ஆழத்துக்கு விறைக்கும், அதற்கு மேலே அத்திவாரம் போட்டால் குளிர் மதிலைத் தூக்கிச் சரித்துவிடும் என்பார். அயலவர்கள் நீச்சல் குளமோ என்று கேட்டிருக்கிறார்கள். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விடுவார். உச்சியில், இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி மூடுகல்லு வைப்பார். மழை மதிலில் வழியாமல் தள்ளிச் சொட்ட வேண்டுமாம். இப்படி ஒவ்வொரு சொட்டுக்கும் வழி பார்த்து வைத்த மனுசனுக்குத்தான், ஸ்காபரோவிலேயே வோபர்ன் என்கிற பகுதியில், அந்த மதில் வந்து வாய்த்தது.

போன வருடத்துக்கு முந்தின புரட்டாதியில் நடந்தது. ராம்குமாரும் மனைவி தீப்தியும் திருச்சிக்காரர், கம்பியூட்டர் வேலை. முன்முற்றத்துப் பூப்பாத்தியைச் சுற்றி, ஆள் இருந்து கோப்பி குடிக்கிற உயரத்தில் ஒரு மதில் கேட்டார்கள். ராம்குமாரின் அப்பா மோகனசுந்தரம் அப்போதுதான் திருச்சியிலிருந்து வந்திருந்தார். மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனும் மருமகளும் காலையில் ஆளுக்கொரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் பின்னேரம்தான் வெளியே வருவார்கள். கிழவருக்கு அந்த வீட்டில் ஒரு துரும்பை எடுத்துப் போடுகிற வேலையும் இல்லை. அகஸ்ரின் தோண்டத் தொடங்கிய நாளிலிருந்து கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

"வீட்டைக் கட்டிப் பார்னு சும்மாவா சொன்னாங்க மேஸ்திரி" என்று தொடங்கி, உறையூரில் தான் வீடு கட்டிய கதையை முழுக்கச் சொல்லியிருக்கிறார். அகஸ்ரின் ஓம் ஓம் என்று கேட்டிருக்கிறார். ஒருவருக்கு வாய், மற்றவருக்குக் காது, நல்ல பொருத்தம்.

இரண்டு வரிசைச் செங்கல், நடுவில் சின்ன இடைவெளி, அப்படி மதில் எழும்பியது. மூடுகல்லுத்தான் வரவில்லை. கடைக்காரன் இன்று நாளை என்று இழுத்தடித்தான். அகஸ்ரின் மதிலின் தலையைத் தறப்பாளால் மூடிக் கயிறு கட்டிவிட்டு வந்து வீட்டில் கிடந்து தவித்தார். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு யன்னலால் வானத்தைப் பார்ப்பார். ஐப்பசி கடைசியில் கல்லு வந்தது. தறப்பாளைக் கழற்றினால் உள்ளே ஈரம். மழை எப்படியோ பூந்துவிட்டது என்று நினைத்து, ஒரு பகல் காயவிட்டு, விறைப்பு வரப்போகிறது என்ற அவதியில் மூடுகல்லை வைத்துப் பூசி முடித்துவிட்டார்.

மாசியில் ராம்குமார் அகஸ்ரினின் ஃபோனுக்குப் படம் அனுப்பினார். செங்கல்லின் முகம் தட்டுத் தட்டாகக் கழன்று வெள்ளைப் பனியில் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது. மதில் நடுவில் வயிறு தள்ளி நின்றது. "அண்ணா, இது நார்மலா?" என்று கீழே எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. "ஈரத்தைக் கண்டும் மூடினன். நான் அவசரப்பட்டிட்டன், செலீன்." இதையே கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்தது. கதவுக்கும் யன்னலுக்கும் நடந்தார். செருப்பு ஒன்று தேய்ந்ததுதான் மிச்சம். ஸ்காபரோவில் கதைக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரம்? என் கடைக்கே வந்து, ரோல்ஸுக்குக் காத்து நின்றபடி, "அகஸ்ரின்ர மதில் வெடிச்சுப் போச்சாமே" என்று என்னிடமே கேட்டார்கள். பக்கத்தில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. நான் நல்லவள் என்றபடியால் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

வோபர்னில் இறைச்சிக் கடை வைத்திருக்கிற மஃரூப் நானா, தன் வீட்டு முற்றம் முழுக்க மதில் கட்ட அகஸ்ரினோடு பேசி வைத்திருந்தார். அவருக்கும் கதை போனது. "ஒரு குளிர் போகட்டும் அகஸ்ரின், பொறுத்துப் பாப்பம்" என்றார். அவர் பின்வாங்க மற்றவர்களும் கழன்றார்கள். ஒஷாவாவில் இருக்கிற எங்கள் மகள் ஜெசிகா ஃபோன் எடுத்து, "அப்பா, எங்கட வேர்ஹவுஸில ஆள் எடுக்கினம். ஜஸ்ட் கம். இன்டோர்ஸ், ஹீட்டிங் எல்லாம் இருக்கு" என்றாள். வேறு நேரமென்றால் ஃபோனை என்னிடம் தந்துவிட்டுப் போயிருப்பார். அன்று முழுக்கக் கேட்டார். ராம்குமாரின் மதிலைத் தன் செலவில் திருப்பிக் கட்டுவது, அடுத்த குளிருக்கு அதுவும் நிற்காவிட்டால் சாந்துக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு ஒஷாவாவுக்குப் போவது. இதுதான் அவர் எடுத்த முடிவு. வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற இந்த மனுசன் யன்னல் இல்லாத கட்டடத்துக்குள் பெட்டி அடுக்குவதை நினைத்துப் பார்த்தேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வருகிற வழியில் வானை வோபர்ன் பக்கம் திருப்பினார். நான் சேலையும் பனிச் சப்பாத்துமாக வானுக்குள் இருந்து பார்த்தேன். முதலில் அடி வரிசையில் மட்டப்பலகையை வைத்தார். கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. அத்திவாரம் அசையவில்லை. அப்படியென்றால் கேடு மேலேயிருந்து வந்திருக்கிறது. அது அவரை இன்னும் வதைத்தது, மேலே மூடியது அவர்தானே. நான் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றபோது கதவு திறந்தது. மோகனசுந்தரம் ஐயா படியில் மெல்ல மெல்லக் கால் வைத்து இறங்கி வந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"மேஸ்திரி, தப்பு உங்க மேல இல்லைங்க. என் மேலதான்" என்றார். "நீங்க கட்டிட்டுப் போனதுலேர்ந்து காலையும் சாயங்காலமும் நான்தான் தண்ணி ஊத்தினேன். தார்ப்பாயை அவுத்து, மேலேருந்து ஹோஸை வெச்சு, நல்லா குளிரக் குளிர ஊத்திட்டு மறுபடி நீங்க கட்டின மாதிரியே கட்டி வெச்சிடுவேன். ஒரு வேளை தவறினதில்ல. அப்புறம் பையன், குளிர் வருதுன்னு வெளிக்குழாயை மூடிட்டான். நானும் விட்டுட்டேன். தண்ணி பத்தாமத்தான் சுவர் இப்படி ஆயிடுச்சு. நான் பக்கெட்ல தூக்கியாவது ஊத்தியிருக்கணும்."

எனக்கு வாய் தானாகத் திறந்தது. அகஸ்ரின் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"இந்தத் தடவை பாருங்க" என்றார் ஐயா. "கெட்டில்ல வெந்நீர் வெச்சாவது பனிக்காலம் பூரா ஊத்திடறேன்."

அகஸ்ரின் "ஓம் ஐயா, பாப்பம்" என்று சொல்லிவிட்டு வானில் ஏறினார். தெரு முனை திரும்பும் மட்டும் பொறுத்தேன்.

"ஏன் சொல்லேல்லை?"

"வயசு போன மனுசன். மகன்ர வீட்டில இருக்கிறார். சொன்னா அந்த வீட்டில அவர் எப்பிடித் தலை நிமிந்து சாப்பிடுறது?"

"நீங்கள் எப்பிடித் தலை நிமிந்து திரியிறது?"

அவர் சிவப்பு விளக்கில் வானை நிறுத்தினார்.

"சரி, சொல்லாதேங்கோ. திருப்பிக் கட்டுங்கோ. அவர் கேத்திலோட வந்து நிப்பார். அதுவும் வெடிக்கும். நீங்கள் ஒஷாவாவில பெட்டி அடுக்குங்கோ, நான் இஞ்ச இருந்து இடியப்பம் கட்டுறன்."

விளக்கு பச்சையாகியும் வான் நகரவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். "நானும் ஊத்தினனான்தானே, செலீன்" என்றார். எனக்கு அவர் மேல் கோபமா, அந்தக் கிழவர் மேல் கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மதிலைப் பிரிக்கப் போனார். நானும் ஏறிக்கொண்டேன். "நீர் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்" என்றார். சொல்ல வேண்டியதை எல்லாம் கிழமை முழுக்க இடியப்பம் கட்டும்போதே சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். "ஐயா, குறை நினைக்கக் கூடாது" என்று தொடங்கி, நோகாமல் சொல்கிற மாதிரித்தான். நோகாமல் சொல்ல எனக்கு வருமோ என்பது வேறு விசயம்.

மோகனசுந்தரம் ஐயா எங்களுக்கு முன்னமே வெளியே வந்து நின்றார். ராம்குமாரும் தீப்தியும் கோப்பிக் கோப்பையோடு படியில் நின்றார்கள். அகஸ்ரின் அலவாங்கை மூடுகல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பினார். நான் தொண்டையைச் செருமினேன். "ஐயா, குறை நினைக்கக் கூடாது" என்று தொடங்கவும், கல்லு கழன்று பக்கத்தில் விழவும் சரியாக இருந்தது.

உள்ளே ஐஸ். வடக்குப் பார்த்த மதில், வெயில் படாத இடம். இரண்டு வரிசைச் செங்கல்லுக்கும் நடுவில், கண்ணாடித் தகடு செருகி வைத்த மாதிரி, மதிலின் நீளத்துக்கு ஐஸ் நின்றது. தண்ணீர் வடிய அடியில் விட்ட ஓட்டைகளையும் ஐஸ் அடைத்திருந்தது. செங்கல்லை இரண்டு பக்கமும் தள்ளிப் பிளந்துகொண்டு நின்றது. கிழமை முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சு என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

மோகனசுந்தரம் ஐயா கிட்ட வந்தார். கையுறையைக் கழற்றி, ஒரு விரலை ஐஸில் வைத்தார். விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது நான் ஊத்தின தண்ணிங்களா?"

அகஸ்ரின் அலவாங்கைக் கீழே வைத்தார். "மழையும் பெஞ்சதுதானே, ஐயா. எல்லாம் சேந்துதான்."

"மழை தார்ப்பாய்க்கு மேலதானே பெஞ்சுது" என்றார் ஐயா.

ராம்குமார் என்னப்பா என்று கேட்டுக்கொண்டு படியிலிருந்து இறங்கி வந்தார். ஐயா திரும்பி, "சுவரை உடைச்சது நான்தான்டா. இவர் இல்ல" என்றார். தீப்தி கோப்பையை அங்கேயே வைத்துவிட்டு ஓடி வந்து அவர் கையைப் பிடித்து, கையுறையைப் போட்டுவிட்டாள்.

அப்போதுதான் அகஸ்ரின் வாய் திறந்தார். யோவாக்கிமின் வாளிக் கதையை, ஒரு வரி விடாமல், அந்த முற்றத்தில் நின்று சொன்னார். "நானும் ஊத்தினனான் ஐயா. எங்கட சனம் எல்லாரும் ஊத்துற ஆக்கள்தானே" என்று முடித்தார். இத்தனை வருடத்தில் அவர் ஒரேயடியாக இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ராம்குமார் சிரித்துவிட்டு, பிறகு அகஸ்ரினிடம் மன்னிப்புக் கேட்டார். ஐயா சிரிக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து ராம்குமார் அவரை எங்கள் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னேரம், சனம் வாசல் வரைக்கும் வரிசையில் நின்றது. என்னைக் கண்டதும் ஐயா வரிசையை விட்டு முன்னால் வந்து, எல்லோரையும் பார்த்துத் திரும்பி நின்று, "வோபர்ன்ல சுவர் விழுந்ததுன்னு பேசிக்கிறீங்களே, அதை உடைச்சது நான்தாங்க. தண்ணி ஊத்தி உடைச்சேன். மேஸ்திரி மேல ஒரு தப்பும் இல்லைங்க" என்றார். அகஸ்ரினைப் பற்றி அதிகம் கதைத்த ஒரு பெண்மணி மூன்றாவது ஆளாக நின்றார். அவருக்கு அன்று ரோல்ஸைச் சூடாகத் தேடி எடுத்துக் கட்டிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

மஃரூப் நானாவின் காதுக்கும் அது போனது. ஆனால் அவர் வியாபாரி. "கத சரி, இனி மதில் நிண்டு காட்டட்டும்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

வைகாசியில் அகஸ்ரின் அத்திவாரத்தை அப்படியே வைத்து மதிலைத் திருப்பிக் கட்டினார். ஐயா பக்கத்தில் வந்து நின்று, "இப்ப நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டிருக்கிறார். ஒன்றும் செய்யவேண்டாம் என்று சொன்னால் அந்த மனுசன் உடைந்து போவார் என்று அகஸ்ரினுக்குத் தெரியும். சும்மா இருக்கிற வருத்தம் இவருக்குத் தெரியாதா? "மூடுறதுதான் வேலை, ஐயா. பின்னேரம் மூடி விடிய திறவுங்கோ. மழை வந்தா ஓடி வந்து மூடுங்கோ." மூடுகல்லு வரும் வரைக்கும் ஐயா சாப்பாட்டின் நடுவிலும் மேகம் கறுத்தால் எழும்பி ஓடினாராம். தீப்திதான் கடைக்கு வந்தபோது சொன்னாள். ஸ்காபரோவில் வானத்தைப் பார்க்கிற ஆட்கள் இப்போது இரண்டு பேர் என்று நான் சொன்னேன்.

புரட்டாதியில் அவருடைய விசா முடிந்து திருச்சிக்குப் போய்விட்டார். போகிற அன்று மதிலைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, அகஸ்ரினின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

அந்தக் குளிர் மகா மோசம். பனி கொட்டியது, பிறகு மழை பெய்தது, பிறகு அந்த மழை அப்படியே விறைத்தது. மதிலுக்கு இதைவிடக் கெட்ட காலம் இல்லை. விறைத்து இளகி, இளகி விறைத்து, அகஸ்ரினின் கன்னமும் ஒட்டிப் போனது. ஜெசிகா ஒவ்வொரு கிழமையும் வேலையைப் பற்றிக் கேட்டாள். "பங்குனி வரட்டும்" என்றார். ஃபோன் அடித்தால் எடுக்காத மனுசன், திருச்சி நம்பர் என்றால் மட்டும் பாய்ந்து எடுத்தார்.

"மேஸ்திரி, அங்க இன்னிக்கு மைனஸ் இருபதாமே. போய்ப் பாத்தீங்களா?"

"விடியப் போய்ப் பாத்தனான் ஐயா. நிக்குது."

"நாளைக்கும் பாத்துடுங்க."

இவ்வளவுதான் பேச்சு. இரண்டு கிழவர்கள் உலகத்தின் இரண்டு பக்கத்திலும் இருந்துகொண்டு ஒரு முழங்காலளவு மதிலுக்காக நித்திரை கெட்டார்கள். நான் பகிடி பண்ணினேன். ஆனால் பனி மழை பெய்த ஒரு நாள், கடைக்குப் போகிற பஸ்ஸை வோபர்னில் விட்டு இறங்கி, நானும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். அகஸ்ரினுக்குச் சொல்லவில்லை.

பங்குனி முடிவில் பனி முழுக்கக் கரைந்தது. ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் போனபோது, வரச் சொன்னபடியே மஃரூப் நானாவும் வந்திருந்தார். மதிலைச் சுற்றி நடந்தார். குனிந்து பார்த்தார். சப்பாத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு செங்கல்லின் முகமும் கழன்றிருக்கவில்லை. "சித்திரையில தொடங்குங்க அகஸ்ரின்" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்க நேரமாகிறது என்று போய்விட்டார். இதற்காக ஒரு வருடம் செத்துப் பிழைத்த மனுசன் துள்ளுவார் என்று நான் பார்த்தால், அவர் இன்னமும் மதிலின் மறுபக்கத்தில் குந்தியிருந்து எதையோ தடவிக்கொண்டிருந்தார்.

அப்போது ஃபோன் அடித்தது. வீடியோ. திருச்சியில் இரவுச் சாப்பாட்டு நேரம். மோகனசுந்தரம் ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஃபோனுக்குள் எட்டிப் பார்த்தார். அகஸ்ரின் ஃபோனை மதிலின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கொண்டுபோனார். "மெதுவா, மெதுவா" என்றார் ஐயா. முழுக்கப் பார்த்த பிறகு, "கையை வெச்சுப் பாருங்க" என்றார்.

அகஸ்ரின் உள்ளங்கையை மதிலில் வைத்தார்.

"காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு ஐயா."

"இந்தப் பனிக்காலம் பூரா, இங்க யாராவது செடிக்குத் தண்ணி ஊத்தினாக்கூட ஓடிப்போய் நிறுத்திடுவேங்க" என்றார் ஐயா. "இனிமே ஊத்தலாம்ல?"

"ஊத்துங்கோ ஐயா" என்றார் அகஸ்ரின். "வடிவா ஊத்துங்கோ."

ஃபோனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், நானும் வேறு பக்கம் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் மதிலின் மேல் ஏறி இருந்தார். கால் இரண்டையும் நீட்டி, கையை மடியில் வைத்து, போகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வானிலிருந்து தேத்தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்து ஊற்றிக் கொடுத்தேன். இருந்தபடியே, முழுக் கோப்பையும் குடித்தார்.